முட்டை வடிவ இட்லி

இலவச உணவுத் திட்டப் பொறுப்பை மலர்விழியிடம் ஒப்படைத்த அன்று, தலைமையாசிரியர் கமலநாதன் அதைப் பதவி உயர்வு கொடுப்பது போலத்தான் சொன்னார்.

"உங்க வயசுக்காரங்கதான் இதைச் செய்யணும் டீச்சர். போன் விஷயமெல்லாம் உங்களுக்குத்தானே வேகமா வரும்."

ஆசிரியர் அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அந்த நிமிஷம் பார்த்துத் திருத்த வேண்டிய பயிற்சிகள் நிறைய இருந்தன. ஒருவரும் தலை நிமிரவில்லை. மலர்விழி அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. அதனால் சரி என்று சொல்லிவிட்டாள்.

பள்ளி மலேசியாவின் கிள்ளான் நகரில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் ஓயாமல் ஓடும் சாலைக்குப் பின்னால் இருந்தது. பிள்ளைகளில் பல பேருடைய அப்பாக்கள் அந்த லோரிகளைத்தான் ஓட்டினார்கள். அம்மாக்கள் விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் காலையில் ஒரு வேளை சாப்பாடு கொடுத்தது. கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த புஷ்பவல்லி அக்காதான் அதைச் சமைப்பார். குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. அவர் கேண்டீனில் யாரும் அரை வயிற்றோடு எழுந்து போனதில்லை.

சமையலில் ஒரு பிரச்சினையும் இல்லை. போட்டோவில்தான் பிரச்சினை.

அந்த வருஷம் பள்ளி உணவுத் தரக் கண்காணிப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, 'சுவாப்பான்' என்ற செயலியை வெளியிட்டிருந்தார்கள். மலாயில் அதற்கு ஒரு வாய் உணவு என்று பொருள். லஞ்சத்துக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்பதைப் பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை, அல்லது யோசித்தும் வெளியே சொல்லவில்லை. செயலியைத் திறந்தால் முதலில் அந்தப் பிரிவின் தலைவரான, டத்தோ என்ற கௌரவப் பட்டம் பெற்றவரின் படம் வரும். கையில் ஓர் ஆப்பிளோடு சிரித்துக்கொண்டிருப்பார். அவர் சிரித்து முடித்த பிறகு, அன்றைய தட்டை மேலிருந்து படம் எடுத்து அனுப்ப வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு சத்து இருக்கிறது என்பதை எந்திரமே பார்த்துச் சொல்லும். பச்சை டிக் விழுந்தால் பிள்ளைகள் சாப்பிடலாம். சிவப்பு விழுந்தால் தட்டை மாற்றி அடுக்கி மறுபடியும் எடுக்க வேண்டும். டிக் விழாமல் ஒரு பிள்ளையும் தட்டில் கை வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

அந்த எந்திரத்தைப் பழக்கியவர்கள் எந்த ஊரில் சாப்பிடுகிறவர்களோ தெரியவில்லை. தோசையைப் பார்த்து 'மேசைத் துணி' என்றது. மீஹூன் என்ற அரிசிச் சேமியாவை 'அந்நியப் பொருள்' என்றது. சுண்டலைப் பார்த்துப் பல் உடையும் ஆபத்து இருப்பதாக எச்சரித்தது. மலர்விழி நாற்காலி மேல் ஏறி நின்று, தட்டை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்துப் படம் எடுப்பாள். பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு வந்து நீள மேசைகளில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நாள் டிக் விழுவதும் மணி அடிப்பதும் ஒன்றாகவே நடக்கும். பிள்ளைகள் வாயில் அடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுவார்கள்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் தாமரை என்று ஒரு பெண் பிள்ளை இருந்தது. ஒரு நாள் அது எழுந்து வந்து மலர்விழியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.

"டீச்சர், போன் சாப்பிட்டு முடிச்சிருச்சா?"

பக்கத்தில் நின்ற புஷ்பவல்லி விழுந்து விழுந்து சிரித்தார். மலர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை செயலியின் கருத்துப் பெட்டியில், நம் நாட்டில் இந்தியர்கள் சாப்பிடும் எதையுமே இந்த எந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை, உடனே கற்றுக்கொடுங்கள் என்று காட்டமாக ஒரு புகார் எழுதினாள். உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம் என்று உடனே பதில் வந்தது. பதிலோடு டத்தோவும் ஆப்பிளும் வந்தார்கள்.

கோதுமை ரொட்டி, வெள்ளரிக்காய், பப்பாளித் துண்டு, அவித்த முட்டை. இந்தத் தட்டுக்கு மட்டும் தவறாமல் பச்சை விழுந்தது. ஆகவே தினமும் அதுவே ஆனது. பிள்ளைகள் முட்டையைத் தின்றுவிட்டு ரொட்டியைக் காக்காய்களுக்குப் போட்டார்கள். அந்த வட்டாரக் காக்காய்கள் ரொம்பவும் ஆரோக்கியமாக இருந்தன.

அப்புறம் முட்டைத் தட்டுப்பாடு வந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க முட்டை இல்லை. பேரங்காடிகளில் முட்டை அடுக்கும் இடத்தில் மிளகாய்ச் சாஸ் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்காவது ஒரு கடையில் முட்டை வந்திருக்கிறது என்று வாட்சப்பில் செய்தி வந்தால், போய்ச் சேர்வதற்குள் வெறும் அட்டைதான் இருக்கும். பாசாரில் புஷ்பவல்லிக்கு வழக்கமாக முட்டை போடும் ஆள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

"டீச்சர், இன்னைக்கு முட்டை இல்ல," என்றார் புஷ்பவல்லி ஒரு காலையில். "ரொட்டிக்காரனும் வரல. டீச்சருங்களுக்கு விக்க ஊத்துன இட்லிதான் இருக்கு. சாம்பார் சூடா இருக்கு. அதையே போட்டுடவா?"

"சிவப்பு விழும்கா."

"விழட்டும். இட்லி ஆறுறதுக்குள்ள எடுங்க."

மலர்விழி நாற்காலியில் ஏறினாள். தட்டில் மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், பப்பாளி. டத்தோ சிரித்து முடித்தார். எந்திரம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

'அவித்த முட்டை: மூன்று. பூசணி சூப். பழம். புரதம்: மிகச் சிறப்பு.'

பச்சை டிக் விழுந்தது. கூடவே ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியது. அதற்கு முன்னால் அவள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததே இல்லை.

அன்று பிள்ளைகள் சூடாகச் சாப்பிட்டார்கள். தாமரை சாம்பார்க் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தது. காக்காய்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மனசு கேட்காமல் மலர்விழி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், ஆப் தப்பா சொல்லுது. இட்லியை முட்டைங்குது. இலாகாவுக்கு நாம சொல்லணும்."

கமலநாதன் படத்தை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"நீங்க என்ன அனுப்புனீங்க?"

"இட்லி சார்."

"இட்லின்னு எழுதி அனுப்புனீங்களா?"

"இல்ல சார், போட்டோ மட்டும்தான்."

"அப்ப நாம ஒண்ணும் தப்பா சொல்லலையே. நாம போட்டோதான் குடுத்தோம். முட்டைன்னு சொன்னது சிஸ்டம். சிஸ்டம் சொன்னதை மறுக்க நமக்கு அதிகாரம் இல்ல டீச்சர். பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

"நல்லா சாப்பிட்டாங்க சார்."

"அப்புறம் என்ன?"

மறுநாளும் இட்லிதான். அதற்கு மறுநாளும் அதேதான். எந்திரம் அசராமல் முட்டை முட்டை என்றது. இத்தனை மாதத்தில் முதல் முறையாகக் கேண்டீனில் பிள்ளைகள் பேசிச் சிரித்துச் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. மலர்விழியும் மெல்ல மெல்லக் கவலைப்படுவதை விட்டாள். தட்டைப் பார்த்து மனசுக்குள் 'முட்டை' என்று சொல்லிக்கொள்ளக்கூடப் பழகிவிட்டாள்.

ஆனால் மேலே, அலுவலகத்தில், யாரோ ஒரு வரைபடம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் முட்டைக் கோடு கீழே விழுந்து கிடந்தது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மட்டும் அது கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

மாவட்ட அதிகாரி ஜெயராஜ் கமலநாதனுக்குப் போன் செய்தார். அவர் குரலில் அப்படி ஒரு குழைவை கமலநாதன் கேட்டதே இல்லை.

"சார், டத்தோ ரொம்பப் பெருமைப்படறாரு லா. முட்டையே இல்லாத நேரத்துல ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைங்களுக்குத் தினமும் மூணு முட்டை குடுக்குதுன்னா, அது எப்படின்னு மத்தவங்களும் கத்துக்கணும்ங்கறாரு. அடுத்த வாரம் நேர்ல வர்றாரு. டிவிக்காரங்களும் வருவாங்க. விருதுக்கும் உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன்."

போனை வைத்துவிட்டு கமலநாதன் நேராகக் கேண்டீனுக்குப் போனார். முகத்தில் ரத்தமே இல்லை. மலர்விழியையும் வரச் சொன்னார். மூன்று பேரும் மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசினார்கள்.

"உண்மையைச் சொல்லிடலாம் சார்," என்றாள் மலர்விழி.

"இப்பவா? இத்தனை நாள் என்னய்யா பண்ணீங்கன்னு கேப்பாரு. டிவி முன்னாடி கேப்பாரு."

"அவங்க ஆப்பு பண்ண தப்புக்கு நாம ஏன் பயப்படணும்?" என்றார் புஷ்பவல்லி.

"அக்கா, ஆப்பைத் தொடங்கி வச்சதே டத்தோதான். படத்தைப் பாக்கலையா நீங்க?"

கடைசியில் கமலநாதனே ஒரு வழி சொன்னார். டத்தோ வரும் அன்று ஒரு நாள் மட்டும் நிஜமாகவே முட்டை போட்டுவிடுவது. போட்டோவில் முட்டை, தட்டில் முட்டை, எந்திரமும் முட்டை என்றுதான் சொல்லப்போகிறது. எல்லாம் ஒத்துப்போய்விடும்.

"முட்டைக்கு எங்க போவீங்க?" என்றார் புஷ்பவல்லி. அவரே யோசித்து அவரே பதிலும் சொன்னார். "பந்திங்ல எங்க அக்கா வீட்டுக்காரர் இருக்காரு. நாட்டுக்கோழி வளக்குறாரு. ஆனா கொஞ்சம் குணம் பாத்துப் பேசணும்."

பள்ளி முடிந்ததும் கமலநாதனின் மைவி காரில் மூவரும் பந்திங் போனார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ரெங்கசாமியின் வீடு. அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கமலநாதனின் கழுத்தில் தொங்கிய டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முட்டை இருக்கு. ஆனா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அப்படின்னா?"

"கோழிங்க கூண்டுல இடாது சார். செம்பனை அடியில, மட்டைக் குவியல்ல, எங்க தோணுதோ அங்க இடும். எனக்கு முட்டி வலி, குனிய முடியாது. வேணும்னா நீங்களே தேடிப் பொறுக்கிக்குங்க. பாம்பு இருக்கும், பாத்து."

அப்படியாக, முப்பது வருஷம் ஆசிரியத் தொழில் பார்த்த கமலநாதன், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, செம்பனை மட்டைகளுக்கு அடியில் தவழ்ந்து முட்டை தேடினார். ஓர் அடைக்கோழி அவர் மணிக்கட்டில் கொத்தியது. அவர் அதனிடம் "மன்னிக்கணும்" என்று சொன்னதை மலர்விழி தன் காதால் கேட்டாள். வாளி நிறைந்தபோது அவர் சட்டை முழுக்க மண், தலை முழுக்கச் சிலந்தி வலை.

திரும்பும்போது மலர்விழி காரை ஓட்டினாள். கமலநாதன் வாளியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். வேகத் தடையில் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"எனக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் சர்வீஸ் இருக்கு டீச்சர்," என்றார் திடீரென்று. "எத்தனையோ விருது விழாவுக்குப் போயிருக்கேன். எப்பவும் கடைசி வரிசை நாற்காலிதான். ஒரு தடவையாவது மைக்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நல்லாருக்கும்."

பின்னால் இருந்த புஷ்பவல்லி ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டார்.

டத்தோ வரும் நாள் வந்தது. கேண்டீனுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். வாசனை மூக்கைத் துளைத்தது. பிள்ளைகள் சாயம் படாமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாட்டுக்கோழி முட்டைகளை அவித்து உரித்து, தட்டுக்கு மூன்று வீதம் வைத்தாகிவிட்டது. சின்னச் சின்னதாக, வெள்ளை வெளேரென்று மின்னின.

ஜெயராஜ் முன்னதாகவே வந்துவிட்டார். உற்சாகத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. இந்திய சாப்பாடு எதுவும் சிஸ்டத்துக்குத் தெரியலைன்னு கிள்ளான்ல இருந்து யாரோ காட்டமா புகார் எழுதியிருந்தாங்களாம். டத்தோ சீரியஸா எடுத்துக்கிட்டாரு. நேத்து புதுசா அப்டேட் பண்ணியிருக்காங்க. இனிமே தோசை, இட்லி எல்லாம் நல்லா அடையாளம் தெரியும்."

மலர்விழி புஷ்பவல்லியைப் பார்த்தாள். புஷ்பவல்லி கமலநாதனைப் பார்த்தார். பரவாயில்லை, தட்டில் இருப்பது முட்டைதானே என்று மூவரும் ஒரே நேரத்தில் ஆறுதல் அடைந்தார்கள்.

டத்தோ வந்தார். படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் குள்ளமாக, ஆப்பிள் இல்லாமல் இருந்தார். மாலை போட்டார்கள். கேமராக்கள் திரும்பின. மலர்விழி நாற்காலியில் ஏறிப் படம் எடுத்தாள். முடிவு எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையில் வர ஜெயராஜ் ஏற்பாடு செய்திருந்தார்.

'இட்லி: மூன்று. புரதம் போதாது. நிராகரிக்கப்பட்டது.'

புதிதாக இட்லியைக் கற்றுக்கொண்ட எந்திரம், வெள்ளையாக உருண்டையாக எதைப் பார்த்தாலும் இட்லி என்று சொல்கிற நிலையில் இருந்தது.

"வெளிச்சம் சரியில்ல," என்றார் ஜெயராஜ். விளக்குகளைப் போட்டார்கள். மறுபடியும் இட்லிதான்.

மலர்விழிக்கு ஒரு யோசனை தோன்றியது. மஞ்சள் கரு தெரிந்தால் எந்திரத்துக்குப் புரியுமே என்று, ஒரு முட்டையைக் கத்தியால் இரண்டாக வகுந்து வைத்து எடுத்தாள். திரை முழுக்கச் சிவப்பு பரவியது.

'இட்லி. நடுப்பகுதியில் நிறமாற்றம். கெட்டுப்போயிருக்கலாம். உணவை வழங்க வேண்டாம்.'

எங்கிருந்தோ ஒரு அலாரமும் அடித்தது.

கமலநாதன் மணிக்கட்டில் இருந்த கொத்துக் காயத்தைத் தடவிக்கொண்டே நின்றார். புஷ்பவல்லியால்தான் பொறுக்க முடியவில்லை.

"என்னய்யா இட்லி? யாராவது கண்ணு தெரிஞ்சவங்க வந்து பாருங்க. முட்டைய்யா இது. எங்க அத்தான் வீட்டுக் கோழி இட்டது."

"அக்கா, சபார் லா, பொறுங்க," என்றார் ஜெயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு. "சிஸ்டம் இட்லின்னு சொல்லுது. டிவிக்காரங்க இருக்காங்க."

டத்தோ நிதானமாக மேசைக்கு அருகில் வந்தார். தட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரையின் மூலையில் அவருடைய படமும் சிரித்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். இது முட்டை என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது என்பதை, பக்கத்தில் நின்ற மலர்விழி அவர் கண்ணில் பார்த்தாள். அவர் ஜெயராஜ் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்.

"என்ன இது?"

ஜெயராஜ் திரையைத் திரும்பிப் பார்த்தார். "இட்லி, டத்தோ."

டத்தோ ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். கேமராக்கள் நெருங்கி வந்தன.

"அருமையான இட்லி," என்றார். "வெளியே மிருது, உள்ளே மஞ்சளாக ஏதோ பூரணம். பார்ப்பதற்கு முட்டை மாதிரியே இருக்கிறது. தட்டுப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் ஏங்கக் கூடாது என்று முட்டை வடிவத்தில் இட்லி செய்திருக்கிறார்கள். இதுதான் புத்தாக்கம்."

ஜெயராஜ் முதலில் கை தட்டினார். பிறகு கமலநாதன் தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

பிள்ளைகள் மட்டும் தட்டவில்லை. தட்டில் கை வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததால், கையை மடியில் வைத்துக்கொண்டு முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு மணி அடிக்கப் போகிறது. டத்தோ டிவிக்காரர்களிடம் பேசத் தொடங்கிவிட்டார். தாமரை எச்சிலைக் கூட்டி விழுங்குவதை மலர்விழி பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு பையன் மேசையில் தலை சாய்த்திருந்தான்.

அவள் நாற்காலியில் இருந்து இறங்கினாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"பிள்ளைங்களா, சாப்பிடுங்க."

குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

"டிக் விழலையே டீச்சர்," என்றது தாமரை.

"பரவாயில்ல. சாப்பிடு."

அவ்வளவுதான். கேண்டீன் முழுக்கக் கைகள் பறந்தன. ஜெயராஜ் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இது சும்மா போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் ஊற்றினாள்.

சும்மா போகவும் இல்லை. நிராகரிக்கப்பட்ட உணவைப் பிள்ளைகளுக்கு வழங்கியது ஏன் என்று விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. அதே வாரத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் இன்னொரு சுற்றறிக்கையும் போனது. இனி வாரம் மும்முறை முட்டை வடிவ இட்லி வழங்கப்பட வேண்டும் என்றது அது. செய்முறை விரைவில் கற்றுத்தரப்படும் என்றும் போட்டிருந்தது.

ஜெயராஜ் ஒரு நாள் தனியாகக் கேண்டீனுக்கு வந்தார். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் செய்முறைப் பயிற்சி, புஷ்பவல்லி வந்து செய்து காட்ட வேண்டும் என்றார்.

"எதைச் செஞ்சு காட்டணும்?" என்றார் புஷ்பவல்லி, முகத்தை ஒன்றும் தெரியாதது போல வைத்துக்கொண்டு.

"அந்த... இட்லியை."

"எந்த இட்லி?"

"அக்கா, என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

புஷ்பவல்லி அவருக்கு ஒரு தே தாரே டீ ஆற்றிக் கொடுத்தார். குடிக்க விட்டுவிட்டுப் பேரத்தைத் தொடங்கினார்.

"டீச்சருக்குக் குடுத்த கடிதாசியை வாபஸ் வாங்கணும். அப்புறம், எங்க பிள்ளைங்க போட்டோவுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. வந்ததும் சாப்பிடணும். இந்த ரெண்டுக்கும் சரின்னா நான் வர்றேன். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

"கடிதம் முடியும். போட்டோ முடியாதுக்கா. சிஸ்டத்துல அப்படி ஒரு பட்டன் இல்ல."

"அப்ப இட்லியும் இல்ல."

ஜெயராஜ் தே தாரேயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"முன்னோடிப் பள்ளின்னு ஒரு பிரிவு இருக்கு. அதுல உங்களைப் போட்டுட்டா போட்டோ அனுப்ப வேண்டாம். அங்க ஏற்கெனவே எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அதனால யாரும் பாக்க மாட்டாங்க."

"எங்களைக் கண்காணிக்காம இருக்கணும்னா நாங்க ரொம்ப நல்லவங்களா இருக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்க்கா."

மலர்விழிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பொய்யை மேடை ஏற்றுவதற்குத் தனக்கு வந்த கடிதமும் பேரத்தில் ஒரு விலையாகப் போகிறதே என்று உறுத்தியது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் சாப்பிடத் தொடங்கியதைப் பார்த்தபோது, அந்த உறுத்தலை வெளியே சொல்ல வாய் வரவில்லை.

பயிற்சி நாள் அன்று புஷ்பவல்லி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, புதுச் சேலை வாங்கி, அங்கேயே கட்டிக்கொண்டு ஹோட்டலுக்கு வந்தார். அரங்கில் பல பள்ளிகளின் கேண்டீன்காரர்களும் ஆசிரியர்களும் நிறைந்திருந்தார்கள். விருதுக்குத் தலைமையாசிரியரை மேடைக்கு அழைத்த அறிவிப்பாளர், பெயரைச் சரியாகப் படிக்காமல், பெண் என்று நினைத்து "புவான் கமலா" என்று மைக்கில் கூப்பிட்டார். கமலநாதன் அதற்கும் எழுந்து ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

புஷ்பவல்லி மேடையில் இட்லிச் சட்டியை வைத்தார். முட்டைகளை முன்பே அவித்து உரித்து உள்ளே அடுக்கியிருந்தார். ஆவி வரும்வரை அரிசி, உளுந்து, ஊறும் நேரம், கைப்பக்குவம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் விளக்கினார். மலர்விழி பின்னால் திரையில் படங்களை மாற்றிக்கொண்டே இருந்தாள். மூடியைத் திறந்ததும் அரங்கமே கை தட்டியது. எந்திரத்திலும் இப்போது 'முட்டை வடிவ இட்லி' என்று தனியாக ஒன்றைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். புரதம்: மிகச் சிறப்பு. பச்சை டிக் விழுந்து நட்சத்திரம் வெடித்தது.

விருந்து நேரத்தில் அம்பாங்கில் இருந்து வந்திருந்த ஒரு கேண்டீன்கார அம்மா தட்டோடு புஷ்பவல்லியை ஓரமாக இழுத்துப் போனார். பெயர் லெட்சுமி என்றார்.

"அக்கா, நானும் இருபது வருஷமா இட்லி ஊத்தறேன். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. அது முட்டைதானே?"

புஷ்பவல்லி சுற்றும் முற்றும் பார்த்தார்.

"முட்டைதான்."

"அப்ப எங்க பள்ளிக்கூடத்துல நான் என்ன பண்ண?"

"முட்டை இப்ப கடையில கிடைக்குதுல்ல? அவிச்சுப் போடுங்க. பிள்ளைங்க சாப்பிடட்டும். முட்டைன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

லெட்சுமி நேராக நாலைந்து பேர் நின்ற இடத்துக்குப் போய்க் குசுகுசுவென்று ஏதோ சொன்னார். அங்கிருந்து அந்தக் குசுகுசு அடுத்த மேசைக்குப் போனது. புரியாத ஒருவரும் அந்த அரங்கில் இல்லை. டத்தோ ஆட்டிறைச்சி எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்.

மாலையில் மலர்விழியும் புஷ்பவல்லியும் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். கூட்டத்தில் எப்படியோ இரண்டு இருக்கை கிடைத்தது. புஷ்பவல்லி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"பொய்தானேக்கா இது எல்லாம்?" என்றாள் மலர்விழி.

"பொய்தான். யாரு இல்லைன்னா?" என்றபடி புஷ்பவல்லி கைப்பையைத் திறந்தார். ஹோட்டலில் தாப்பாவ் பண்ணி, கட்டிக்கொண்டு வந்த டப்பா ஒன்றை வெளியே எடுத்தார். "நீங்க அங்க ஒண்ணும் சாப்பிடல. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். படம் மாத்துறேன் படம் மாத்துறேன்னு நின்னுக்கிட்டே இருந்தீங்க. இந்தாங்க."

சோறும் ஆட்டிறைச்சியும் ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருந்தது. கரண்டி இல்லை. மலர்விழி கையாலேயே பிசைந்து ஒரு வாய் போட்டாள். எதிர் இருக்கைக்காரர் பார்த்தார். அவள் கவலைப்படவில்லை.

"எப்படி இருக்கு? உப்பே போடல அவனுங்க," என்றார் புஷ்பவல்லி.

"தெரியலக்கா," என்றாள் மலர்விழி, அடுத்த வாயை எடுத்துக்கொண்டே. "ரொம்பப் பசிக்குது."